படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வீடு

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் கண்ட முதுமொழி. உடலைப் பேணவேண்டும் என்று வற்புறுத்தும்போதே இதனைப் பெரும்பாலும் எடுத்தாளுவர். ஆனால், ஊர்விட்டு ஊர் சென்று கல்வி பயிலும் பிள்ளைகளைப் பொறுத்தவரை இம்மொழி அதன் நேர்ப்பொருளிலேயே உண்மையாகிவிடுகின்றது. ஒழுகாத கூரையும், தாழிடக்கூடிய கதவும், ஒரு மேசையும், அதன்மேல் ஒரு விளக்கும் இல்லாதவிடத்துக் கல்வி என்னும் சித்திரத்தை எங்ஙனம் எழுதுவது?

இரண்டாண்டுகளுக்கு முன் மாசி மாதத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் அத்தான், அதாவது என் தமக்கையின் கணவர், எங்கள் வீட்டுக்கு வந்தார். தோட்டமொன்றிலே 32 ஆண்டுகள் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டு பலாங்கொடைக்கு அப்பால், பெலிஹுல்ஓயாப் பக்கத்திலே ஒரு வீடு கட்டியிருந்தார். தேநீரை அருந்தியதும் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு கொப்பியை எடுத்தார்.

"தம்பி, முன்பக்கத்து மூன்று அறைகளையும் கெம்பஸ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடப்போகிறேன். அறைக்கு நாலு பேர். ஆகமொத்தம் பன்னிரண்டு பேர். நானும் அக்காவும் பின்பக்கத்தில் இருந்துகொள்வோம். ஒரு வருஷத்தில் மதில் கட்டிய கடன் தீர்ந்துவிடும்" என்றார்.

செக்ரோல் எழுதிப் பழகிய கை. கணக்கிலே ஒரு சதமும் பிசகவில்லை. ஆயினும் அக்கணக்கிலே கட்டில் இருந்தது, மேசை இல்லை. வாடகை இருந்தது, விளக்கு இல்லை. நான் அதைச் சொன்னேன். "படுக்கத்தானே அறை? படிக்கிறதற்குப் பல்கலைக்கழகத்தில் நூலகம் இருக்கிறதே!" என்று அத்தான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

குப்பி விளக்கின் கதை

இருபது ஆண்டுகளுக்கு மேலாகின்றது. அப்போது நான் வேறொரு நகரிலே பல்கலைக்கழக மாணவன். கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றின் லயத்திலிருந்து சென்றவன். நாங்கள் பதினொருவர் ஒரு வீட்டிலே தங்கியிருந்தோம். ஒரு குழாய், ஒரு மலசலகூடம், அறைக்கு ஒரு மின்குமிழ். வீட்டுக்காரர் பெயரை இங்கே சொல்லவேண்டியதில்லை, அவர் கெட்டவருமல்லர். மின்சாரக் கட்டணத்துக்கு அஞ்சியவர், அவ்வளவே. இரவு பத்து மணியானதும் எங்கள் பக்கத்து மின்சாரத்தை நிறுத்திவிடுவார்.

அதன்பின் குப்பி விளக்குத்தான். சோடாப் போத்தலிலே மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்டுத் தரையிலே குப்புறக் கிடந்து படிப்போம். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கையிலே ஓரிரவு, அரைத்தூக்கத்திலிருந்த நண்பன் ஒருவனின் கை பட்டு விளக்குச் சரிந்தது. பாய் தீப்பிடித்தது. தீயை அணைத்துவிட்டோம். ஆனால் அவனுடைய வலக்கை முழங்கை வரை வெந்துபோயிற்று. இரண்டாண்டுக் குறிப்புக் கொப்பிகளும் கரியாயின. அவன் அவ்வருடம் பரீட்சை எழுதவில்லை. அவனுக்குப் பின்னே மூன்று தங்கைகள். ஓராண்டு தாமதம் என்பது அக்குடும்பத்துக்கு எத்தகைய அடியென்பதை நான் நேரிலே கண்டவன்.

இக்கதையை அத்தானுக்குச் சொன்னேன். அவர் கொப்பியை மூடிவிட்டு, "அடுத்த கிழமை வந்து வீட்டைப் பார்" என்றார்.

பம்பஹின்னச் சந்தி

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிலே பெலிஹுல்ஓயாவுக்கு அருகே பம்பஹின்ன என்றொரு சந்தி இருக்கின்றது. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி 1995 இல் முழுமையான பல்கலைக்கழகமாக உயர்ந்த சப்ரகமுவ பல்கலைக்கழகம் அங்கேதான் அமைந்துள்ளது. சமனலவெவ நீர்மின் திட்டத்துக்கென எழுந்த குடியிருப்புக் கட்டடங்களிலேதான் அதன் தொடக்கம். நில அளவையியல் துறைக்கெனத் தனிப்பீடம் கொண்டது என்பது அதன் சிறப்பு. மருத்துவ பீடம் மட்டும் இரத்தினபுரியிலே இயங்குகின்றது.

மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலே பல்கலைக்கழகம் வந்தால் என்ன நடக்கும்? விடுதிகளில் எல்லார்க்கும் எல்லா ஆண்டுகளிலும் இடம் கிடைப்பதில்லை. ஆகவே சுற்றுவட்டாரத்து வீடுகள் ஒவ்வொன்றாக மாணவர் தங்குமிடங்களாகின்றன. மிளகும் வாழையும் பயிரிட்ட வளவுகளிலே அறைகள் முளைக்கின்றன. இதிலே தவறொன்றுமில்லை, ஊரார்க்கு வருவாய், பிள்ளைகளுக்கு இருப்பிடம். ஆனால், வீடு என்பது வேறு, மாணவர் வசிக்கும் வீடு என்பது வேறு என்னும் உண்மையைப் பலர் உணர்வதில்லை.

நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இவ்விஷயம் இன்னும் முக்கியமானது. நாட்டிலே இலவசக் கல்வி 1945 இல் வந்ததெனப் படிக்கின்றோம். தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் நேர் நிருவாகத்துள் வந்தது 1970களிலேதான். ஒரு தலைமுறைக் காலம் பின்தங்கி ஓடத் தொடங்கியவர்கள் நாம். இறக்குவானை, காவத்தை, எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பகுதித் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் பிள்ளைகளிற் பலர் தத்தம் குடும்பத்திலே முதற் பட்டதாரியாக வரவிருப்பவர். அத்தகையவர் ஒருவரின் படிப்பு அறை வசதியின்மையால் முறிந்தால், முறிவது ஒருவரின் படிப்பு மட்டுமன்று.

வந்த தாய்

அடுத்த கிழமை நான் சென்றபோது அத்தான் வேலையைத் தொடங்கியிருந்தார். சுவருக்குச் சுண்ணாம்பு பூசியாகிவிட்டது. ஈரடுக்குக் கட்டில்கள் ஆறு வாங்குவதற்கு விலை கேட்டிருந்தார். அவ்வேளையிலே ஒரு தாயும் மகளும் படலையைத் திறந்துகொண்டு வந்தனர். இறக்குவானைப் பக்கத்துத் தோட்டம். தாய் கொழுந்து பறிப்பவர். அன்றைய பேரை விட்டுவிட்டு வந்திருந்தார். மகள் புதிதாய்ப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவள்.

வாடகை எவ்வளவு என்பதே அவர் முதலிற் கேட்பார் என எதிர்பார்த்தோம். அவர் அதைக் கேட்கவேயில்லை. அறைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார். சன்னல் கொக்கியைத் தொட்டுப் பார்த்தார். பின் வளவின் ஓரத்திலே இருந்த மலசலகூடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, ராத்திரிக்குப் பிள்ளை அங்க போகணும்னா வெளிச்சம் இருக்குங்களா?" என்றார்.

வெளிச்சம் இல்லை. அத்தான் தரையைப் பார்த்தார்.

"அறைக்கு எத்தனை பேருங்க?"

"நாலு பேர்" என்றார் அத்தான், சற்றுத் தாழ்ந்த குரலிலே.

"பரவாயில்லைங்க. எங்க காம்பராவும் இம்புட்டுத்தான். அதுல நாங்க ஆறு பேரு. எல்லாரும் படுத்த பொறகு அடுப்படியில ஒக்காந்துதான் இது படிச்சிச்சு."

அவர் குறையாக அதைச் சொல்லவில்லை. மகளைப் பற்றிய பெருமையாகவே சொன்னார். அவர்கள் போனபின் அத்தான் அளவு நாடாவை எடுத்து அறையை அளந்தார். 12 அடி நீளம், 10 அடி அகலம். வெள்ளைக்காரன் காலத்து லயக் காம்பராவின் அளவு அதுவே. தோட்டத்திலே பெரிய கிளாக்கராக இருந்து, லயங்களின் நெருக்கடியைப்பற்றி எத்தனையோ முறை மேலிடத்துக்குக் கடிதம் எழுதியவர் தாமே ஒரு லயத்தைக் கட்டிவிட்டதாக அன்று உணர்ந்தார். கொப்பியிலே பன்னிரண்டை வெட்டி ஆறு என்று எழுதினார். "அகல உழுவதிலும் ஆழ உழு" என்ற பழமொழியை அவரே சொன்னார், நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை மேசன் பாஸ் வந்தார்.

முதலிற் செய்யவேண்டியவை

அவ்வீட்டிலே நாங்கள் செய்தவற்றை முறையாக எடுத்துரைக்கின்றேன். வாடகைக்கு விட எண்ணும் குடும்பத்தினர்க்கும், அறை தேடும் மாணவர்க்கும் பயன்படும்.

முதலாவது, நிலம். மலைநாட்டிலே சுவரைப் பார்ப்பதற்கு முன் சரிவைப் பார்க்கவேண்டும். 2016 மே 17 ஆந் திகதி கேகாலை மாவட்டத்து அரநாயக்கவிலே மலை சரிந்து வீடுகளை மூடியதை மறந்துவிடலாகாது. சுவரிலோ நிலத்திலோ புதிய வெடிப்புகள், சாய்ந்துவரும் மரங்கள், திடீரெனக் கலங்கிய அல்லது புதிதாய்த் தோன்றிய ஊற்று, திறக்க மறுக்கும் கதவு ஆகிய இவை சரிவின் முன்னறிகுறிகள். ஐயமிருப்பின் கிராம உத்தியோகத்தர் மூலமாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறலாம். இரத்தினபுரி நகர்ப்பக்கமாயின் சரிவைவிட வெள்ளமே பெரும்பகை. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களுகங்கை பெருகியபோது நீர் எவ்வளவு உயரம் வந்ததென்று அயலாரைக் கேட்டறிந்தபின்பே கீழ்த்தள அறைகளை வாடகைக்கு விடவேண்டும், எடுக்கவும் வேண்டும்.

இரண்டாவது, மின்சாரம். பழைய வீடுகளிலே உருண்டை முனைச் செருகிகளும், வெளியே தொங்கும் வயர்களும் இன்னும் உள்ளன. இன்று நாட்டின் நியமம் சதுர முனைகள் மூன்றுடைய 13 அம்பியர் பிளக் ஆகும். மாணவர் இக்கணக்கைத் தெரிந்துகொள்வது நன்று: நம் மின்சாரம் 230 வோல்ற்று, 13 அம்பியராற் பெருக்கினால் ஏறக்குறைய 3,000 வாற்று. நீர் கொதிக்கவைக்கும் கேத்தல் 2,000 வாற்று, மின்னழுத்தி 1,000 வாற்று, சோறு சமைக்கும் குக்கர் 700 வாற்று. மூன்றையும் ஒரே துளையிலே நீட்டு வயரைப் பொருத்தி இயக்கினால் 3,700 வாற்று! வயர் சூடேறி உருகுவதற்கு வேறென்ன வேண்டும்? ஆகவே சமையற்கட்டிலே தனித்தனித் துளைகளை அமைத்தோம்; அறைகளிலே விளக்குக்கும் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் மட்டும் வசதி செய்தோம்.

மின்கசிவு நேர்ந்ததும் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் ஒன்று வீட்டிலே கட்டாயம் இருத்தல் வேண்டும். 30 மில்லி அம்பியர் கசிவிலேயே துண்டிக்கவல்லதாய் அஃது இருக்கட்டும். அதன்மீதுள்ள சோதனைப் பொத்தானை மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். உடனே விழாவிட்டால் அது வெறும் அலங்காரமே. வேலை முழுவதையும் தேர்ந்த மின்தொழிலாளர் ஒருவரைக் கொண்டே செய்வித்தோம்.

மூன்றாவது, எரிவாயு. சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே செல்லாது தரையிலே தங்கும். ஆகவே கூரையருகே துவாரம் இருப்பது போதாது. தரைமட்டத்திலும் காற்றுப் போக வழி வேண்டும். சிலிண்டரைச் சுவருக்கு வெளியே, மழைபடாத மறைவிலே வைத்தோம். 2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலே நாட்டின் பல வீடுகளில் எரிவாயு அடுப்புகள் வெடித்ததை நாம் அறிவோம். அன்றியும், பன்னிரண்டு கைகள் பழகும் அடுப்புக்கு இருமடங்கு எச்சரிக்கை வேண்டும்.

நான்காவது, நீர். கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே 50 அடியேனும் இருத்தல் வேண்டும் என்பது நம் நாட்டுச் சுகாதார வழக்கு. மலையூற்றுக் குழாய்நீர் தெளிந்திருந்தாலும் காய்ச்சியே பருகவேண்டும். தாங்கியை இறுக மூடினோம். டெங்கு நுளம்பு தேங்கிய தெளிநீரிலே முட்டையிட்டு ஏழு முதல் பத்து நாட்களில் நுளம்பாகிப் பறந்துவிடும். ஆகவேதான் வாரம் ஒருமுறை துப்புரவு செய்யவேண்டும் என்கின்றனர். பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை செய்தாற் பயனில்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலே எலிக்காய்ச்சலும் அதிகம். எனவே அரிசி, மாவு ஆகியவற்றுக்கு மூடியுள்ள தகரப் பெட்டிகளை வாங்கிக் கொடுத்தோம்.

அறையும் விளக்கும்

இனி அறைக்கு வருவோம். அறைக்கு இருவர். இருவர்க்கும் தனித்தனிக் கட்டில், மேசை, கதிரை, பூட்டுள்ள அலுமாரி. மேசைகளைப் பழைய பலகைகளைக் கொண்டு ஊர்த் தச்சரே செய்தார். மேசைக்கு ஒவ்வொரு விளக்கு. இன்றைய எல்.ஈ.டி. விளக்கொன்று 9 வாற்று. பத்து மணித்தியாலம் எரிந்தாலும் ஓர் அலகின் பத்தில் ஒரு பங்கைக்கூட உண்ணாது. அன்று எங்கள் வீட்டுக்காரர் அஞ்சிய செலவு இன்று இவ்வளவே!

கதவுக்கு உட்புறம் உறுதியான தாழ்ப்பாள். ஆனால் இரவிலே உள்ளிருந்து திறப்பதற்குச் சாவி தேவைப்படலாகாது. தீ நேர்ந்தால் சாவியைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். சன்னற் கம்பிகளிலே ஒன்றையேனும் உள்ளிருந்து திறக்கக்கூடியதாய் அமைத்தோம். தென்மேற் பருவக்காற்று அப்பக்கத்திலே கடுமையாய் வீசும். கொக்கியில்லாச் சன்னல் ஒரே இரவிலே கண்ணாடியை இழந்துவிடும். கூரைத் தகடுகளின் ஆணிகளையும் அதனாலேயே இறுக்கினோம்.

அந்தத் தாய் கேட்ட வெளிச்சம்? மலசலகூடத்துக்குச் சீமெந்துப் பாதையும், அதன்மேற் கூரையும், இரு விளக்குகளும் அமைத்தோம். எல்லா வேலைகளுள்ளும் மிகுந்த செலவு பிடித்தது அதுவே. அத்தான் அதற்கு ஒருமுறையும் முணுமுணுக்கவில்லை.

எழுத்தும் கணக்கும்

நல்ல கணக்கு நல்ல உறவு என்பர். மாதாந்த வாடகைக்கு விடுவதாயின் எளிய எழுத்து உடன்படிக்கை போதும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையாயின், 1840 ஆம் ஆண்டு மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன்னிலையிலே எழுதப்படாத பத்திரம் செல்லுபடியாகாது. ஓராண்டுக்கென வெறுங் காகிதத்திலே கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பின்பு வருந்துவோர் பலர்.

முற்பணம் எவ்வளவு, அது எப்போது திரும்பக் கிடைக்கும், வெளியேற எத்தனை நாள் முன்னறிவிப்பு, பழுதுபட்டவற்றைத் திருத்துவது யார் என்பவை தெளிவாய் எழுதப்படல் வேண்டும். அறையிலுள்ள பொருள்களின் பட்டியலை இரு பிரதிகளாய் எழுதி இருதரப்பாரும் ஒப்பமிடவேண்டும். வாடகைக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டும். அத்தான் ஆறுமாத முற்பணம் வாங்க எண்ணியிருந்தார். ஒரு மாதமாகக் குறைத்தார். மகாபொல உதவித்தொகை 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தினால் மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது. அதுதான் பலருடைய கையிருப்பு முழுவதும். வாடகையே அதனை விழுங்கிவிடுமாயின் பிள்ளை பகலுணவைத்தான் விடும். அதை நாம் காணமாட்டோம். அதன் மெலிவைத்தான் தாய் விடுமுறையிலே காண்பாள்.

மின்கட்டணத்திலே ஒரு நுட்பம் உண்டு. வீட்டுப் பாவனைக்கு அலகுகள் கூடக்கூட ஓரலகின் விலையும் கூடும். பலர் ஒரே மானியிலே பாவிக்கும்போது எல்லாரும் மேற்படிக்குச் சென்றுவிடுகின்றனர். ஆகவே கட்டணச் சிட்டையைச் சுவரிலே ஒட்டி, எல்லாரும் காணப் பங்கிடுவதே முறை. மறைவிலே பிறக்கும் சந்தேகம் வெளிச்சத்திலே இறந்துவிடும்.

மாணவர்க்கு ஒரு சொல்

இதுவரை வீட்டுக்காரரின் கடமையைச் சொன்னேன். மாணவ நண்பர்களே, உங்களுக்கும் கடமை உண்டு. வாடகை கொடுத்துவிட்டதனால் வீடு உங்களுடையதாகிவிடாது. ஒழுகும் குழாயை அன்றே அறிவியுங்கள். விளக்கை அணைத்துவிட்டு வெளியே செல்லுங்கள். புதிதாய் வரும் மாணவரை வருத்தும் பகடிவதைக்கு உங்கள் அறையை இடமாக்காதீர்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம்.

அத்தான் வீட்டிலே இப்போது இருக்கும் அறுவரிலே இருவர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள், ஒருத்தி முஸ்லிம், மூவர் சிங்களப் பெண்கள். சமையற்கட்டிலே சட்டிகளையும் தட்டுகளையும் எவ்வாறு வேறுவைப்பது என்பதை அவர்களே பேசி முடித்தனர். வீட்டு விதிகள் தமிழிலும் சிங்களத்திலும் கதவின் பின்னே எழுதப்பட்டுள்ளன. அக்கா வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அறுவருக்கும் சுண்டல் உண்டு.

மதில் கட்டிய கடன்? ஓராண்டிலே தீருமென்றது மூன்றாண்டிலே தீரும் என்று அத்தானின் கொப்பி இப்போது சொல்கின்றது. சென்ற தீபாவளிக்கு அந்த இறக்குவானைத் தாய் வந்திருந்தார். கையிலே ஒரு பை முறுக்கும், தோட்டத்திலே கொடுத்த தேயிலையிற் பாதியும். இருள் சூழ்ந்தபின் மகளோடு வளவுக்குச் சென்று, பாதை விளக்கைப் போட்டுப் பார்த்தார், அணைத்தார், மீண்டும் போட்டார்.

வாடகைக்கு வீடு விட எண்ணும் அன்பர்கள் தம் வளவிலே ஒருநாள் இரவு அவ்வாறே நின்று பார்ப்பார்களாக. எங்கே இருட்டாக இருக்கின்றதோ அங்கே முதல் விளக்கை வைக்கட்டும்.